சூழ்ச்சி வேறு, சூது வேறு

(கொடைக்கானல் மலைப் பூண்டியில் ஊர்மக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூம்பாறையையும் மன்னவனூரையும் கவுஞ்சியையும் கடந்து இவ்வூருக்கு வருகின்றவன் முதலில் காண்பது, மலைச்சரிவில் படிப்படியாய் இறங்கும் உங்கள் வயல்களைத்தான். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைக்கின்ற உழைப்பாளர்களின் ஊரில், கைப்பேசி ஆட்டங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். 2020ஆம் ஆண்டு மகுடைத் தொற்றினால் (கொரோனா) பள்ளிகள் மூடப்பட்டபொழுது, பாடங் கேட்பதற்கென்று தமிழகமெங்கும் பிள்ளைகளின் கையில் கைப்பேசி கொடுக்கப்பட்டது. பள்ளிகள் திறந்தன; கைப்பேசியோ கையைவிட்டு இறங்கவில்லை. அதன் வழியே, 'விலையில்லை, வந்து விளையாடு' என்று அழைக்கின்ற ஆட்டங்கள் மலையேறி வந்துவிட்டன. விலையில்லாமல் நுழைவிக்கும் அவ் வாயிலுக்குள் எது ஆட்டம், எது திறம், எது ஏமாற்று, எது கொள்ளை என்று பிரித்தறிய வேண்டிய கடமை நமக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

வயலும் வயலாட்டமும்

2009ஆம் ஆண்டு சூன் திங்களில், சிங்கா என்னும் அமெரிக்க நிறுவனம் முகநூலில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கிற்று. பார்ம்வில் என்பது அதன் பெயர். பண்ணையூர் என்று நாம் சொல்லலாம். ஆடுபவர்க்குத் திரையில் ஒரு சிறு நிலம் தரப்படும். உழலாம், விதைக்கலாம், விளைந்ததை அறுக்கலாம், விற்கலாம். அண்டை நிலத்துக்காரரின் பயிருக்கு உரமிட்டு உதவலாம். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. ஓராண்டு நிறைவதற்குள், திங்கள்தோறும் 8 கோடிக்கும் மேற்பட்டோர் அதனுள் வந்து போயினர். 2020 திசம்பர் 31ஆம் நாளோடு அவ்வாட்டம் மூடப்பட்டது. ஆனால், அது பரப்பிய வணிக முறை மூடப்படவில்லை. இன்று உங்கள் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்கள் பலவும் அம்முறையிலேயே நடக்கின்றன.

அந்தத் திரைவயலில் செம்புற்றுப்பழம் (ஸ்ட்ராபெரி) நான்கு மணி நேரத்தில் பழுக்கும். வேறு பயிர்களுக்கு ஒரு நாளோ சில நாள்களோ ஆகும். உரிய வேளையில் வந்து பறிக்கவில்லையானால் பயிர் வாடிவிடும். ஆகவே, வேலைக்குப் போகின்றவர் காலையில் நெடும்பயிரையும், ஓய்வாக இருப்பவர் குறும்பயிரையும் விதைத்தனர். எப்பயிர் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தரும் என்று கணக்கிட்டுத் தாளில் எழுதிவைத்து ஆடியோர் உண்டு. இதில் குற்றமென்ன? ஒன்றுமில்லை. இது எண்ணிச் செய்யும் திறம்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். காத்திருக்க மாட்டாதவர்க்கு அங்கே ஒரு கடை திறந்திருந்தது. மெய்யான பணத்தைக் கொடுத்தால் ஆட்டப்பணம் கிடைக்கும். ஆட்டப்பணத்தைக் கொடுத்தால் விரைந்து முன்னேறலாம். உங்கள் நிலத்துப் பூண்டு ஏறத்தாழ நான்கு திங்கள் மண்ணில் கிடந்தே ஆகவேண்டும். எவ்வளவு பெரிய செல்வர் பணத்தைக் கொட்டினாலும் அது நான்கு நாளில் பருத்துவிடாது. அந்தக் காத்திருப்பை இயற்கை வைத்தது. திரைவயலின் காத்திருப்பையோ நிறுவனம் வைத்தது. எதற்காக வைத்தது? அதை நீக்கித் தருவதாகச் சொல்லி விற்பதற்காகவே வைத்தது! முதலில் வேலியைப் போடுவது. பிறகு வேலியைத் திறக்கக் காசு கேட்பது. விலையில்லா ஆட்டங்களின் கமுக்கம் இவ்வொரு சொற்றொடரில் அடங்கிவிடும்.

ஆடுவோரில் சிறு பங்கினரே பணம் கொடுக்கின்றனர் என்பதை, 2011இல் தன் பங்குகளை விற்க முற்பட்டபொழுது அந்நிறுவனமே ஆவணத்தில் எழுதியது. அப்படியானால் பெருந்தொகை அச் சிறு பங்கினரிடமிருந்தே வந்தாக வேண்டும். ஆடும் நூற்றுவரில் தன்னை அடக்கிக்கொள்ள இயலாத சிலர் எவரென்று தேடிக் கண்டு பிடிப்பதே இவ்வணிகத்தின் உயிர்நிலை என்பதை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தெளிவோம்

பொருளைத் தெளியவேண்டுமானால் முதலில் சொல்லைத் தெளியவேண்டும். 'சூழ்ச்சி' என்னும் சொல்லை இன்று நாம் கெட்ட பொருளிலேயே ஆளுகின்றோம். 'சூழ்' என்பதற்கு ஆராய்தல், எண்ணுதல் என்பது பழம்பொருள். ஒன்றைச் சுற்றிச் சுற்றி நின்று எல்லாப் பக்கமும் பார்த்து முடிவு செய்வது சூழ்ச்சி. வள்ளுவரும் வினை செய்யுமுன் எண்ணித் துணியும் ஆராய்ச்சியையே அச்சொல்லால் குறித்தார். 'உத்தி' என்பதும் அத்தகையதே. தொல்காப்பிய மரபியலில் 32 உத்திகள் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. நம் சிறுவர்கள் ஆட்டத்துக்கு முன் இரு பக்கமாகப் பிரிவதற்கும் 'உத்தி பிரித்தல்' என்றே பெயர்.

'சூது' இவற்றினின்றும் வேறானது. திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதற்கு முன்னது கள்ளுண்ணாமை, பின்னது மருந்து. முன்னே மயக்கம், பின்னே நோய், நடுவே சூது! பொருட்பாலில் இவ் வரிசையைப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டுவதில்லை.

சூழ்ச்சிக்கும் சூதுக்கும் எல்லை எங்கே? நம் பாட்டன் பாட்டியர் ஆடிய ஆட்டங்களிலேயே அவ்வெல்லை இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் எத்தனை, ஆடுகள் எத்தனை, எவ்வழியே நகரலாம் என்பது கோட்டிலேயே தெரியும். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியின் காயையும் இருவரும் கண்ணால் பார்க்கலாம். தாயத்தில் ஆகூழுக்கு இடமுண்டு. ஆனாலும் கவறு எல்லார் கண்முன்னும் உருள்கிறது. நெறி இருவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். கவறு வெளிப்படையாய் உருள வேண்டும். தோற்றால் இழப்பது எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இம் மூன்றும் இருந்தால் அது ஆட்டம்; அதில் காட்டும் திறம் சூழ்ச்சி. இவற்றில் ஒன்றை ஒருவன் மறைத்தாலும் அங்கே கள்ளம் புகுந்துவிட்டது.

உங்கள் தொழிலிலேயே இதைப் பார்க்கலாம். பூண்டைப் பருமன் பார்த்துத் தரம் பிரிப்பதும், நன்றாக உலர்த்தி வைத்திருந்து வடுகபட்டிச் சந்தையில் விலை ஏறும் நாளில் விற்பதும் சூழ்ச்சி. அதில் யாரும் ஏமாறவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி 2019இல் வெளிவந்தது. வேறெங்கோ விளைந்த பூண்டைக் கொண்டுவந்து, இது கொடைக்கானல் பூண்டென்று கூறிச் சுற்றுலா வருவோர்க்கு விற்பது கள்ளம். தராசைத் திரைக்குப் பின்னே மறைத்துவைத்து, எடையை நான் சொல்வேன், நீ நம்பு என்று ஒருவன் சொன்னால், அவனிடம் நீங்கள் ஒரு மூட்டையேனும் போடுவீர்களா?

ஆடுவோர் செய்யும் கள்ளம்

முதலில் நம் இளைஞர்களிடம் பேசுகின்றேன். சுடுகலன் ஆட்டங்களில், சுவருக்குப் பின்னே நிற்பவனைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. குறியைத் தானே பார்த்துச் சுடும் மென்பொருள்களும் உண்டு. தனித்தனியே போரிட வேண்டிய ஆட்டத்தில், முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுடாமல் மற்றவர்களை வீழ்த்துவோர் உண்டு. ஒருவரே பல பெயர்களில் கணக்குத் தொடங்கித் தமக்குத் தாமே பரிசு அனுப்பிக்கொள்வதும், இரவெல்லாம் தானே பொத்தானை அழுத்தும் நிரலை ஓடவிட்டு உறங்கப்போவதும் நடக்கின்றன.

இவை சூழ்ச்சி ஆகா. எதிரில் ஆடுபவன் அறியாத ஒன்றைக் கொண்டு அவனை வெல்வது வெற்றியன்று. நாள்தோறும் விலையின்றிக் கிடைக்கும் மணிகளைச் செலவிடாமல் சேர்த்துவைத்து உரிய வேளையில் பயன்படுத்துவது திறம். எதிரியின் பழக்கத்தை நோக்கி அறிந்து ஆடுவது திறம். குழுவினர் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்வது திறம். பல கணக்குகளை வைத்துக்கொள்ள ஆட்டநெறி இடந்தருமானால் அதுவும் குற்றமன்று; இடந்தராதபோது செய்வதே கள்ளம்.

கள்ள மென்பொருளை இறக்குகின்றவன் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவனை ஏமாற்ற அக்கருவியைச் செய்து தந்தவன் உன்னிடம் மட்டும் நேர்மையாக இருப்பானா? அதை நிறுவும்போது உன் குறுஞ்செய்திகளைப் படிக்கவும், திரையைப் பார்க்கவும் இசைவு கேட்பான். நீ எதிரியின் சுவருக்குள் பார்க்கின்றாய். அவனோ உன் வீட்டு வங்கிக் கணக்கிற்குள் பார்க்கின்றான்.

வாயிலில் நிற்கும் திருடர்

அடுத்து வெளித்திருடர்கள். இவ்வகைத் திருட்டு புதிதன்று. 2009ஆம் ஆண்டிலேயே முகநூல் ஆட்டங்களுக்குள், 'இவ் வினாக்களுக்கு விடை சொல். ஆட்டப்பணம் தருகின்றோம்' என்னும் விளம்பரங்கள் வந்தன. விடை சொல்லி முடித்தால், முடிவைத் தெரிவிக்கக் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். எண்ணைக் கொடுத்தவரின் கட்டணத்தில் திங்கள்தோறும் ஒரு தொகை சேர்ந்துகொண்டே போகும். அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கச் செய்தித்தளம் ஒன்று இதை வெளிப்படுத்தியது. கண்டனம் எழுந்தபிறகே சிங்கா நிறுவனம் அத்தகைய விளம்பரங்களை நீக்கிற்று.

இன்று அதே தூண்டில், இரைதான் வேறு. 'ஆயிரம் வயிரம் விலையின்றித் தருகின்றோம், இந்த இணைப்பைத் தொடு' என்று செய்தி வரும். தொட்டால், மெய்யான ஆட்டத்தின் முகப்பைப் போலவே ஒரு பக்கம் திறந்து, கடவுச்சொல்லைக் கேட்கும். உயர்ந்த நிலையிலுள்ள கணக்கை மலிவு விலைக்கு விற்பதாகச் சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். பரிசு விழுந்துள்ளது என்று கூறி, கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்பார்கள். ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்குக் கமுக்க எண் தேவையில்லை, பணம் கொடுப்பதற்குத்தான் அது தேவை. கமுக்க எண்ணைக் கேட்கின்றவன் எவனாயினும் அவன் தருவதற்கு வந்தவனல்லன், எடுப்பதற்கு வந்தவன்.

ஆட்டமே பொறியாகும் இடம்

இவ் இருவகைக் கள்ளரையும் விடப் பெரியவன் ஒருவன் உள்ளான். அவன் சட்டை போட்டுக்கொண்டு முன்வாயிலில் நிற்கின்றான். ஆட்டத்தைச் செய்து தந்த நிறுவனமே அது. எல்லா நிறுவனங்களும் அப்படிப்பட்டவை என்று நான் கூறவில்லை. அவர்கள் கையாளும் முறைகளைச் சொல்லுகின்றேன். பொருந்துகின்றதா என்று நீங்களே பாருங்கள்.

முதல் முறை, பணத்தை வேறு பெயரில் மறைப்பது. 80 உரூபாவுக்கு 100 வயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் விரும்பும் உடையின் விலை 120 வயிரம். ஆகவே அவன் இருமுறை வாங்கவேண்டும். 160 உரூபா போயிற்று. 80 வயிரம் மிஞ்சிற்று. மிஞ்சியது வீணாகலாமா? அடுத்த உடைக்காக மீண்டும் வாங்குவான். 160 உரூபா என்று நேரே சொல்லியிருந்தால் அவன் தாயின் ஒருநாட் கூலியை நினைத்திருப்பான். வயிரம் என்று சொன்னதால் அந்நினைவு வரவில்லை.

இரண்டாம் முறை, போலிப் பரபரப்பு. 'இன்னும் பத்து மணித்துளிதான்' என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடும். ஆராய்வதற்கு நேரம் தராமல் வாங்கச்செய்வதே அதன் வேலை.

மூன்றாவது, மூடிய பெட்டி. பணத்தைக் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்பது குலுக்கலைப் பொறுத்தது. அரிய பொருள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றால், நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் கிடைத்துவிடும் என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு பெட்டி திறந்த நூற்றுவரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பர். பெட்டிகளுக்கு முந்தைய தோல்வி நினைவில் இராது!

அந்த நூற்றுக்கு ஒன்று என்பதாவது மெய்யா? கவறு நம் கண்முன் உருளவில்லை. நிறுவனத்தின் கணினிக்குள் உருள்கிறது. தென்கொரியாவின் நெக்சான் நிறுவனம் நடத்தும் மேப்பிள்சுடோரி என்னும் ஆட்டத்தில், பணங்கொடுத்து வாங்கும் ஒரு கனசதுரம் உண்டு. அது போர்க்கருவிக்குக் குலுக்கல் முறையில் புதிய ஆற்றல்களைத் தரும். 2010இல் அந்நிறுவனம், ஆடுவோர் மிகவும் விரும்பிய ஆற்றல்கள் வரும் வாய்ப்பைக் குறைத்தது. 2011 முதல் சில கூட்டுகள் வரவே வராதபடி செய்தது. ஆடுவோர்க்கு இதைச் சொல்லவில்லை. 2021 வரை, கிடைக்கவே முடியாத ஒன்றுக்காக மக்கள் பணங்கட்டிக்கொண்டிருந்தனர். 2024 சனவரியில் அந்நாட்டு நேர்வணிக ஆணையம், அந்நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1160 கோடி வோன் தண்டம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சு 22 முதல், குலுக்கலில் ஒவ்வொரு பொருளும் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வெளியிட்டாக வேண்டும் என்னும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. திரைக்குப் பின்னே இருந்த தராசு என்று சற்றுமுன் சொன்னேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிற நாடுகளும் விழித்துக்கொண்டன. குலுக்கலில் வரும் பொருள்களை முழுத்தொகுப்பாகச் சேர்த்தால்தான் அரும்பரிசு என்னும் முறையை 2012இல் சப்பான் தடுத்தது. பணங்கொடுத்துத் திறக்கும் மூடிய பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் பெல்சிய ஆணையம் கூறிற்று. விலையின்றி நுழையும் பார்ட்டுநைட்டு ஆட்டத்தை நடத்தும் எப்பிக்கு நிறுவனத்தின்மீது அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகள் வாங்கவும், ஒரு பொத்தானைத் தவறித் தொட்டாலே பணம் போகவும் அவ்வாட்டம் அமைக்கப்பட்டிருந்தது என்பது அக்குற்றச்சாட்டு. 2022 திசம்பரில், ஆடுவோர்க்குத் திருப்பித் தருவதற்கென்று மட்டும் 24.5 கோடி தாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்பியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் நுழையும்போது நெடிய உடன்படிக்கை ஒன்று தோன்றும். பெரும்பாலான ஆட்டங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கும். பூண்டியில் தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய், தன் மகன் எதற்கு ஒப்பினான் என்று எப்படி அறிவாள்? ஆட்டத்தின் அழைப்பைத் தமிழில் எழுதத் தெரிந்தவனுக்கு, இழப்பின் கணக்கைத் தமிழில் எழுத மட்டும் தெரியாதா? படிக்க முடியாத மொழியில் பெற்ற இசைவு இசைவே ஆகாது.

சட்டம் எதுவரை?

தமிழகம் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. இணையச் சூதில் பொருளிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் தொடர்ந்தமையால் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் வந்த சட்டத்தைச் சென்னை உயர்முறைமன்றம் (உயர்நீதிமன்றம்) 2021 ஆகத்து 3ஆம் நாள் செல்லாதென்றது. 2022இல் முன்னாள் நடுவர் கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அவ்வாண்டு அக்குதோபரில் சட்டமன்றம் புதிய சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்பினார்; 2023 மார்ச்சில் மன்றம் மீண்டும் நிறைவேற்றியது; ஏப்பிரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர்முறைமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. இரம்மியையும் போக்கரையும் ஆகூழ் ஆட்டமென்று சேர்த்ததை மட்டும் நீக்கியது. பின்னர் 2025 ஆகத்தில் நடுவண் அரசின் நாடாளுமன்றம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டதென்று அமைதி கொள்ளாதீர்கள். பணத்தைக் கட்டி அதற்கு மேலாகப் பணமோ பிற பயனோ வெல்லலாம் என்று எதிர்பார்க்கும் ஆட்டமே பணவாட்டம் என்று அச்சட்டம் வகுக்கிறது. குமுக ஆட்டங்கள் தனிவகை, அவற்றுக்குத் தடையில்லை. பணத்தைக் கொடுத்துத் திரையில் ஓர் உடையை மட்டும் பெறுகின்றவன் எதையும் வெல்ல எதிர்பார்க்கவில்லையே என்று நிறுவனத்தார் வாதிடுவர். வெல்லும் வாய்ப்பு இருந்த ஆட்டத்துக்குக் கதவடைப்பு. வெல்லும் வாய்ப்பே இல்லாமல் கொடுத்துக்கொண்டேயிருக்கும் ஆட்டத்துக்குத் திறந்த வாயில்! நுகர்வோரை மயக்கும் 13 வகை ஏமாற்று முறைகளை நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. போலிப் பரபரப்பும் அவற்றுள் ஒன்று. பட்டியல் நன்று. அதை எடுத்துக்காட்டி முறையிடுவோர் இருந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

நாம் செய்ய வேண்டுவன

பெற்றோர்களே! கைப்பேசியைப் பறித்து உடைப்பதால் பயனில்லை. செயலிக் கடையில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவையுங்கள். பிள்ளைகள் ஆடும் கைப்பேசியில் வங்கி அட்டையின் எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். பணம் செலுத்தும் கமுக்க எண்ணைப் பிள்ளையிடம் சொல்லி, 'நீயே போட்டுக்கொள்' என்று விடாதீர்கள். பணம் திருடப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அப்பொழுதே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். விரைந்து சொன்னால் பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இழந்ததை வீட்டில் சொன்னால் அடி விழும் என்னும் அச்சத்தைப் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். ஐந்நூறு உரூபா இழந்ததை மறைக்கப் போய் ஐயாயிரம் இழப்பவனும், கடைசியில் உயிரையே இழக்கத் துணிபவனும் அந்த அச்சத்தினால்தான் உருவாகின்றனர்.

இளைஞர்களே! ஆடுங்கள். ஆடாதே என்று சொல்ல நான் வரவில்லை. பணம் கொடுக்காமல், காத்திருந்து, எண்ணி ஆடி வெல்லுங்கள். அவ்வாறு ஆடுபவனைக் கண்டால்தான் அந்நிறுவனம் திகைக்கும். செலவிட்டே தீர்வதென்றால், எவ்வளவு என்பதை ஆடுமுன் தாளில் எழுதிவையுங்கள். வயிரத்தில் எழுதாமல் உரூபாவில் எழுதுங்கள். உங்களுள் நிரல் எழுதத் தெரிந்தோர், நெறியை மறைக்காத, கவற்றை வெளிப்படையாய் உருட்டுகின்ற தமிழ் ஆட்டங்களைச் செய்து தாருங்கள். ஆடுபுலியைப் படைத்த இனத்துக்கு அது அரிதன்று.

அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: குலுக்கல் உள்ள ஒவ்வோர் ஆட்டமும் அதன் வாய்ப்புக் கணக்கைத் தமிழில், வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இரண்டு: ஆட்டத்தின் உள்ளே விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விலையை உரூபாவில் எழுதவேண்டும். மூன்று: அகவை 18 நிறையாதோர் பெற்றோர் இசைவின்றி வாங்கியதைக் கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும். இவற்றை ஊராட்சித் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியர்க்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புங்கள். ஒரு மலையூரின் தீர்மானம் என்ன செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். கொரியச் சட்டமும் ஏமாற்றப்பட்ட ஆட்டக்காரர்கள் கூடிக் கூச்சலிட்டதன் பின்னரே வந்தது.

விதைப்பூண்டை எடுத்துத் தின்னும் உழவன் பூண்டியில் இல்லை. நம் பிள்ளைகளின் நேரமும் நேர்மையும் இவ்வினத்தின் விதைப்பூண்டு. அவற்றை எவனோ திரைக்குப் பின்னிருந்து பெட்டி பெட்டியாய் அள்ளிச்செல்ல விடமாட்டோம் என்று உறுதி கொள்வோம். சூழ்ச்சியைக் கற்போம், சூதை விலக்குவோம்.